ஓர் இன்ஜின், இரண்டு கார்புரேட்டர்: எதை முதலில் தொடுவது?

பழைய ஃபோர்டு வி8 இன்ஜினில் இரண்டு கார்புரேட்டர் பூட்டியிருந்தால், வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் கை முதலில் போவது அந்த இரண்டின் மேல்தான். பிக்கப் இல்லையா, ஸ்க்ரூவைத் திருகு. கறுப்புப் புகை வருகிறதா, ஜெட்டை மாற்று. சிக்னலில் நின்றுபோகிறதா, ஐட்லிங்கைக் கூட்டு. இப்படித் திருகித் திருகியே நல்ல கார்புரேட்டர்கள் பல பாழாகியிருக்கின்றன. கார்புரேட்டரைத் தொடுவது கடைசி வேலை. அதற்கு முன் முடிக்க வேண்டியவை முடிந்திருந்தால், இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது ஒரு காலைப்பொழுதில் ஆகிற காரியம். முடியாமல் இருந்தால் மாதக்கணக்கில் திருகினாலும் சரிவராது. இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது. கூடவே, திருச்சி வெயிலும் இன்றைய பெட்ரோலும் அந்த வரிசையில் எங்கே வந்து குறுக்கிடுகின்றன என்பதைப் பற்றியது.

சைடு வால்வு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். இன்றைய கார்களில் காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் பிஸ்டனுக்கு மேலே, ஹெட்டில் இருக்கின்றன. சைடு வால்வில் இரண்டும் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே, தலை மேல்நோக்கி நிற்கும். ஹெட் என்பது வெறும் மூடி. தண்ணீர் ஓட வழியும் பிளக் பூட்ட ஓட்டையும் கொண்ட தட்டையான வார்ப்பு. அமைப்பு எளியது, தேய்மானத்தைத் தாங்கும், மட்டமான பெட்ரோலையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் காற்று மேலேறி, பக்கவாட்டில் திரும்பி, பிறகே சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். அதனால் இந்த வகை இன்ஜின் ஆழமாக மூச்சிழுக்காது.

நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்கு வந்த வில்லிஸ் ஜீப்பும், நார்ட்டன் 16எச், பிஎஸ்ஏ எம்20 மோட்டார்சைக்கிள்களும் சைடு வால்வுதான். 1954-இல் வந்த ஹிந்துஸ்தான் லேண்ட்மாஸ்டரில் இருந்தது 1476 சிசி சைடு வால்வு இன்ஜின். முதல் அம்பாசிடரும் அதே இன்ஜினோடுதான் வெளிவந்தது. 1959-ஐ ஒட்டித்தான் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜினுக்கு மாறியது. இவை எல்லாவற்றுக்கும் கார்புரேட்டர் ஒன்றே.

இரண்டு கார்புரேட்டர் சங்கதி ஃபோர்டு வி8-ஐச் சேர்ந்தது. 1932-இல் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் வார்த்து, சாதாரண விலைக் காருக்குள் வைத்தார். 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். அமெரிக்கக் கார்களில் 1953 வரை இந்தப் பரம்பரை ஓடியது. ஃபோர்டின் இந்தியக் கம்பெனி 1926-இல் கனடா ஃபோர்டின் கிளையாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் கனடா ஃபோர்டு செய்து அனுப்பிய ராணுவ லாரிகளுக்கும், டாடா எஃகுத் தகட்டைக் கவசமாகப் பூட்டி இந்தியாவில் உருவான சக்கரக் கவச வண்டிகளுக்கும் இந்த வி8-தான் உயிர். போர் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ வண்டிகள் ஊர்ஊராக லாரியாகவும் பஸ்ஸாகவும் ஓடித் தேய்ந்தன.

கம்பெனி கொடுத்தது ஒரே கார்புரேட்டர். 1934 முதல் அது இரட்டைத் துளை கொண்டது. 1936-இல் வந்த ஸ்ட்ராம்பர்க் 97 இவற்றில் பேர் பெற்றது. அதன் குறுகிய கழுத்தின் விட்டம் 0.97 அங்குலம், பெயரும் அதிலிருந்தே. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பந்தயம் விட்ட இளைஞர்கள்தான் இரண்டு கார்புரேட்டர் உட்காரும் மேனிஃபோல்டுகளை வார்த்துப் பூட்டத் தொடங்கினார்கள்; எடல்பிராக் என்ற பெயர் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று பழைய ஃபோர்டைச் சீர்செய்கிறவர்கள் பூட்டுவதும் அந்த வகை மேனிஃபோல்டைத்தான்.

இரண்டாவது கார்புரேட்டர் தேவைதானா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். பின்னாளில் வந்த 3.9 லிட்டர் வி8 ஒன்று 2000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வையுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவை இழுக்கும். நிமிடத்துக்கு 3900 லிட்டர். சைடு வால்வின் மூச்சுக்குறையைக் கழித்தால் கையில் நிற்பது 3000-க்குள். ஒரு ஸ்ட்ராம்பர்க் 97 நிமிடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர் காற்றை விடும். ஆகவே மதுரை நெடுஞ்சாலையில் நிதானமாகப் போக ஒன்றே போதும். 3800 ஆர்பிஎம்மில் தேவை ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அங்கேதான் இரண்டாவது உதவிக்கு வருகிறது. பானெட்டைத் திறந்தால் இரண்டும் வரிசையாக நிற்கிற அழகுக்காக ஆசைப்படுவதில் தவறில்லை. அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் பெட்ரோல் மிச்சமாகும், மெதுவாகப் போகும்போது இழுவை கூடும் என்று நம்பி யாரும் பூட்ட வேண்டாம்.

இரண்டைப் பூட்டினால் உள்ளே என்ன மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கார்புரேட்டர் பெட்ரோலை ஊற்றுவதில்லை. காற்றுதான் அதை இழுக்கிறது. குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. இப்போது அதே காற்று இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு கழுத்திலும் பாதி வேகம்தான். மெயின் ஜெட் கண்விழிக்கத் தாமதமாகும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்குவது இதனால்தான். இதைப் பார்த்துவிட்டு ஜெட் சின்னது என்று முடிவுகட்டிப் பெரிய ஜெட் போடுவது வழக்கமான பிழை. மறுபுறம், ஐட்லிங்குக்கான சிறு வழிகள் இப்போது இரட்டிப்பாகிவிட்டன. பழைய அளவிலேயே திறந்துவைத்தால் நின்றநிலையில் பெட்ரோல் அதிகமாகும். ஓரிடத்தில் பற்றாக்குறை, ஓரிடத்தில் மிகை, இரண்டும் ஒரே இன்ஜினில்.

இனி வரிசைக்கு வருவோம். முதலில் இன்ஜினின் கம்ப்ரஷன். எட்டு சிலிண்டரையும் ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இந்த இன்ஜினின் கம்பெனி டாப்பெட்டில் இடைவெளியைக் கூட்டிக்குறைக்க ஸ்க்ரூ கிடையாது. வால்வுத் தண்டின் நுனியைச் சாணைபிடித்துத்தான் அளவுக்குக் கொண்டுவருவார்கள். கடைசியாக வால்வு வேலை செய்தவர் அதை அவசரத்தில் விட்டிருந்தால், வால்வு முழுதாக மூடாமல் ஐட்லிங் ஆடிக்கொண்டே இருக்கும். எந்தக் கார்புரேட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது இக்னிஷன், இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஃபோர்டு அந்தக் காலத்தில் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த். பாட்டரி லேசாகத் தளர்ந்தாலோ கண்டென்சர் சூட்டில் சோர்ந்தாலோ வண்டி பெட்ரோல் அடைத்த வண்டி செய்கிற எல்லாச் சேட்டைகளையும் செய்யும். 1932 முதல் 1948 வரையிலான இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், கேம்ஷாஃப்ட் நுனியில் உட்கார்ந்திருக்கும். கிராங்க் புல்லியில் டைமிங் குறி இல்லாததால் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துத்தான் டைமிங் வைக்க வேண்டும். இந்த வேலையை ஒத்திப்போட மனம் சாக்குத் தேடும், ஒத்திப்போடாதீர்கள்.

1949 முதல் 1953 வரை வந்த 8பிஏ இன்ஜினில் வேறொரு கண்ணி. அதன் டிஸ்ட்ரிபியூட்டரில் சுழற்சியால் விரிகிற எடைகள் கிடையாது. வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னே தள்ளுவது முழுக்கக் கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்கம்தான். அந்த வேக்கத்தைத் தருவதற்கான துளை அதோடு வந்த ஹோலி கார்புரேட்டரில் உண்டு, ஸ்ட்ராம்பர்க் 97-இல் இல்லை. 8பிஏ-வில் இரண்டு 97-ஐப் பூட்டிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றாமல் விட்டால், ஸ்பார்க் முன்னேறாது. வண்டி மந்தமாக இழுக்கும், சூடேறும், பெட்ரோல் குடிக்கும். அறிகுறி அத்தனையும் கார்புரேட்டரைக் காட்டும். நோய் ஸ்பார்க்கில் இருக்கும். எடை வைத்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, காற்றுக் கசிவு. மேனிஃபோல்டு பாக்கிங், கார்புரேட்டர் அடிப்பாக்கிங், த்ராட்டில் தண்டு ஓடுகிற துளை, வைப்பர் வேக்கம் குழாய் இவை நான்கும் சந்தேகத்துக்குரியவை. எழுபது எண்பது வருஷம் ஆன கார்புரேட்டரில் த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடுவது சகஜம். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது தண்டின் இரு நுனியிலும் எண்ணெய்க் குவளையால் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. பெட்ரோலையோ ஸ்ப்ரேயையோ அடித்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிற இந்த இன்ஜினில் அது வேண்டாம். வேக்கம் கேஜ் இருந்தால் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய திருச்சியில், நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐட்லிங்கில் 18 முதல் 20 அங்குலம் காட்டும், முள்ளும் ஆடாது. முள் ஆடினால் வால்வு. ஆடாமல் கீழே நின்றால் டைமிங் அல்லது கசிவு.

இவை முடிந்தபிறகே கார்புரேட்டரைத் திறப்பது. அங்கும் ஸ்க்ரூவுக்கு முன் ஃப்ளோட். 97-இல் பெட்ரோல் மட்டம் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து 15/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, மேல்மூடியைக் கழற்றிப் பெட்ரோலையே அளக்க வேண்டும். ஃப்ளோட்டைக் காய்ந்த நிலையில் அளந்து விட்டுவிடுவது போதாது. இரண்டிலும் மட்டம் ஒன்றாக இல்லை என்றால் மற்ற எல்லா அளவும் பொய்யாகும். மட்டம் உயர்ந்திருக்கிற கார்புரேட்டர் எப்போதும் அதிகம் கொடுக்கும். நீங்கள் அதன் ஸ்க்ரூவை மூடிக்கொண்டே போவீர்கள்.

பெட்ரோல் பம்பின் அழுத்தமும் இதில் சேரும். 97-க்கு 2.5 பிஎஸ்ஐ போதும், 3-ஐத் தாண்டக் கூடாது. பழைய பம்புக்குப் பதில் எலெக்ட்ரிக் பம்ப் வைக்கிறவர்கள் பலர்; அதன் அழுத்தம் நீடிலைத் தள்ளித் திறந்து ஓவர்ஃப்ளோ ஆகும். ரெகுலேட்டர் ஒன்று வைத்து, அழுத்தத்தை அளந்தும் பாருங்கள்.

இப்போது இரண்டையும் சமன்செய்வது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை முக்கொம்பை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். மேலிருந்து வருகிற தண்ணீர் இவ்வளவு என்று தெரிந்தால், அதில் காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடாது. அதைத் தீர்மானிப்பது ஷட்டர்கள். ஐட்லிங் 600 ஆர்பிஎம்மில் அசையாமல் நிற்கிறது என்பது மொத்தக் காற்றைத்தான் சொல்கிறது. அதில் முன் கார்புரேட்டர் முக்கால் பங்கையும் பின் கார்புரேட்டர் கால் பங்கையும் விட்டுக்கொண்டிருக்கலாம். இன்ஜின் சத்தம் சீராகவே இருக்கும். காதை நம்பி பானெட்டை மூடிவிட்டால் கோளாறு ரோட்டில்தான் வெளியே வரும்.

ஆர்எக்ஸும் ராஜ்தூத் 350-ம் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்கார்ட்ஸ் 1980-களில் செய்த ராஜ்தூத் 350-இல் இரண்டு மிக்குனி கார்புரேட்டர் உண்டு. சமன்செய்கிற வேலையைத் தமிழ்நாட்டில் நிறையப் பேர் கற்றது அதில்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் சொந்தமாக ஒரு கார்புரேட்டர். ஒன்று தவறினால் அந்தப் பக்கச் சைலன்சரே காட்டிக்கொடுக்கும். வி8-இல் இரண்டு கார்புரேட்டரும் ஒரே மேனிஃபோல்டுக்குள் ஊற்றுகின்றன. எட்டு சிலிண்டரும் அந்தப் பொதுவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. தவறு ஒரு சிலிண்டரில் நிற்காமல் மங்கலாகப் பரவும். இன்னொன்று: மிக்குனியின் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். 97-இல் தலைகீழ், உள்ளே திருகினால் குறையும், வெளியே திருகினால் கூடும். கை பழக்கத்தில் திருகினால் எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். ஸ்ரீரங்கத்து வீதிகளில் வீட்டோடு ஒட்டிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டபடி குனிந்து நிற்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏர் கிளீனர் கழற்றியிருக்கும் என்பதால் பேக்ஃபயர் ஆனால் தீ மேலே வரும். முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கிற ராடைக் கழற்றிவிடுங்கள். இரண்டின் ஐட்லிங் ஸ்க்ரூவையும் த்ராட்டில் தட்டு முழுதாக மூடும்வரை தளர்த்தி, பிறகு தொட்ட இடத்திலிருந்து இரண்டுக்கும் ஒரே அளவு திருகுங்கள். மிக்ஸர் ஸ்க்ரூ ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு, மொத்தம் நான்கு. நான்கையும் மெதுவாக மூடி ஒரு சுற்றுத் திறந்துவையுங்கள். இறுக்கி மூடினால் ஊசிமுனை நசுங்கும், அந்த ஸ்க்ரூ அதோடு சரி. இப்போது இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பாருங்கள். கார்புரேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற காற்று மீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் ரப்பர் ஹோஸ் ஒன்று போதும்; ஒரு நுனி காதில், மறுநுனி கார்புரேட்டர் வாயில், இரண்டிலும் அதே இடத்தில், அதே ஆழத்தில். எதில் சீறல் ஓங்கியிருக்கிறதோ அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தி மற்றதைக் கூட்டி, இரண்டு சீறலும் ஒன்றாகக் கேட்கும்வரை கொண்டுவாருங்கள்.

காற்று சமமான பிறகுதான் மிக்ஸர். ஒரு ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு, இன்ஜின் தடுமாறத் தொடங்கும்வரை உள்ளே திருகி, சீராகும்வரை வெளியே எடுங்கள். நான்குக்கும் இதே. எல்லாம் முடியும்போது ஐட்லிங் ஏறியிருக்கும். இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவையும் சம அளவு தளர்த்திக் குறைத்து, ஹோஸை மறுபடி வைத்துப் பாருங்கள். காற்றும் மிக்ஸரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் இரண்டு மூன்று முறை சுற்றிவர வேண்டியிருக்கும்.

ஒரு மிக்ஸர் ஸ்க்ரூவை முழுதாக மூடினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவில்லை என்றால் அங்கே நில்லுங்கள். அந்தக் கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டு அளவுக்கு மேல் திறந்து, ஐட்லிங் துளைகளைத் தாண்டிப்போயிருக்கலாம். மிதமிஞ்சிய ஃப்ளோட் மட்டத்தால் மெயின் ஜெட்டே ஐட்லிங்கில் வழியலாம். அல்லது வேறெங்கோ கசிவு. ஹோலி 94 வகையாக இருந்தால் பவர் வால்வின் டயஃப்ரம் கிழிந்து, வேக்கம் அதன் வழியாகப் பெட்ரோலை நேரே உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒரு பலமான பேக்ஃபயர் போதும் அது கிழிய. 97-இல் இந்தத் தொல்லை இல்லை. அதன் பவர் வால்வை ஆக்சிலேட்டர் பம்பின் தண்டு நேரடியாக அழுத்தித் திறக்கிறது. எனக்கு 97 மேல் உள்ள பிரியத்துக்கு இது ஒரு காரணம்.

கடைசியில் ராடை மாட்டுவது. அதன் நீளம் இரண்டு லீவரையும் அசைக்காமல் தானாக உள்ளே விழுகிற அளவுக்கு இருக்க வேண்டும். கொஞ்சம் இழுத்து மாட்டினால், செய்த சமன் அத்தனையும் போயிற்று. மாட்டிய பிறகு 1500 ஆர்பிஎம்முக்கு உயர்த்தி ஹோஸை மறுபடி வையுங்கள். ஐட்லிங்கில் சமமாக இருந்துவிட்டு, மிதித்ததும் ஒன்று முந்துகிறது என்றால் ராடின் முனைகள் தேய்ந்து ஆடுகின்றன என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாகத் திறக்கிற நேர் இணைப்பு ஒரு வகை. ஒன்று பாதி திறந்த பிறகு மற்றது தொடங்குகிற படிப்படி இணைப்பு இன்னொரு வகை. ஊருக்குள் மெதுவாகப் போக இரண்டாவதே வசதி, ஏனெனில் ஒரே கழுத்து வழியாகக் காற்று வேகமாக ஓடி மெயின் ஜெட் சீக்கிரம் விழிக்கும். ஆனால் பின்னால் விழிக்கிற கார்புரேட்டரிலும் ஐட்லிங்கை மூடாமல் வையுங்கள். இல்லையென்றால் அதன் கிண்ணத்தில் பெட்ரோல் நாட்கணக்கில் தேங்கிப் பிசினாகும்.

ஜெட் விஷயத்தில் இன்றைய பெட்ரோல் குறுக்கே வருகிறது. 97-க்குக் கம்பெனி ஜெட் 45. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு துளை. இரண்டு கார்புரேட்டர் வைத்தால் 44, 43 என்று ஓரிரு படி இறக்குவது பழைய வழக்கம். அது சுத்தமான பெட்ரோல் காலத்து அளவு. இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது நூற்றுக்கு 20 எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு வறண்டுபோகிறது. ஏழு பங்கு கூட வேண்டுமானால் துளையின் விட்டம் மூன்றரைப் பங்கு கூட வேண்டும். 45-க்கு அது 46, 47. ஒரு காரணம் இறக்கச் சொல்கிறது, இன்னொன்று ஏற்றச் சொல்கிறது. ஆகவே 45-லேயே தொடங்குங்கள் என்பேன். நெடுஞ்சாலையில் நல்ல ஓட்டம் ஓட்டி, அதே வேகத்தில் இன்ஜினை அணைத்து ஓரங்கட்டி, எட்டுப் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு நிறம் சரி. கரி படிந்திருந்தால் ஒரு படி இறக்கலாம். வெள்ளையாக வெளுத்திருந்தால் உடனே ஏற்றுங்கள். வறண்ட கலவையில் ஓடுகிற சைடு வால்வு இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிளாக்கும் வெடிக்கலாம். விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் இதற்குத் தேவையே இல்லை. இதன் கம்ப்ரஷன் விகிதம் ஆறுக்கு ஒன்றை ஒட்டியது; சாதாரணப் பெட்ரோலே தாராளம். எத்தனால் பழைய தோல் வாஷரையும் இயற்கை ரப்பர் குழாயையும் அரிக்கும் என்பதால், ஆக்சிலேட்டர் பம்ப் கப்பையும் ஹோஸ்களையும் எத்தனால் தாங்குகிறவையாக மாற்றிவிடுங்கள்.

வெயில் இன்னொரு கதை. இந்த வி8-இல் எக்ஸாஸ்ட் புகை பிளாக்கின் ஊடாகவே வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கமும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வழி. அதனால் பிளாக் எப்போதும் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் பம்ப் உட்கார்ந்திருப்பதோ மேனிஃபோல்டின் பின்னால், அந்தச் சூட்டின் மேலேயே. போதாக்குறைக்கு, குளிர்தேசத்துக் காலைகளுக்காக, எக்ஸாஸ்ட் சூட்டை மேனிஃபோல்டின் அடிவயிற்றுக்குக் கொண்டுவருகிற தனிப் பாதையும் உண்டு. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அதற்கு வேலையே இல்லை. மேனிஃபோல்டு பாக்கிங் போடும்போது அந்தப் பாதையின் இரு வாயிலும் மெல்லிய தகடு வைத்து அடைத்துவிடுங்கள். திருச்சியில் பழைய ஃபோர்டு வைத்திருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரே மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மதிய வெயிலில் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தினால், விசிறியும் தண்ணீர் ஓட்டமும் நின்று, பிளாக்கின் சூடு மேலேறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் சொட்டும். இரண்டு கிண்ணம் என்பதால் இரட்டிப்பாகச் சொட்டும். கால் மணி கழித்து ஸ்டார்ட் பண்ணினால் எடுக்காது. உடனே சோக்கை இழுப்பது தவறு, ஏற்கெனவே உள்ளே பெட்ரோல் மிஞ்சிக் கிடக்கிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி, பம்ப் அடிக்காமல், செல்ஃப் போடுங்கள். காற்று புகுந்து சுத்தமானதும் பற்றிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பாக்கிங் வைப்பதும் உதவும்.

சமன்செய்கிற வேளையையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலை 24 டிகிரியில் உள்ள காற்று மதியம் 40-க்குப் போகும்போது அதன் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து குறைகிறது. விடியலில் சரியாக வைத்த மிக்ஸர் மதியத்தில் லேசாகக் கொழுத்துப்போகும். அதில் கெடுதி இல்லை. மதியத்தில் வைத்தது விடியலில் வறண்டுபோகும், அதுதான் கெடுதி. ஆகவே காலை வேளையே நல்லது.

கொடைக்கானல் போகத் திட்டமிருந்தால், 2100 மீட்டரில் காற்றின் அழுத்தம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்திருக்கும். கலவை கொழுக்கும், ஐட்லிங் தாழும், வேக்கம் கேஜ் கீழே காட்டியதைவிட ஏழு அங்குலம் வரை குறைத்துக் காட்டும். இரண்டு நாள் பயணத்துக்காக ஜெட்டைக் கழற்ற வேண்டாம். மேலே போனதும் இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவையும் கால் சுற்றுக் கூட்டி, திரும்பிவந்ததும் அதே கால் சுற்றுக் குறைத்தால் போதும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள் டாங்கிலிருந்து வருகிற குழாயில் ஒரு டாப் வைத்துக்கொள்ளுங்கள். அதை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் இரண்டு கிண்ணமும் காலியாகும். அடுத்தமுறை எடுக்கும்போது ஜெட்டில் பிசின் இருக்காது.